தோழியை முள்கம்பியில் தள்ளுவது: கவாசாகி, 1996 மே 5

ஜப்பானில் மே 5 குழந்தைகள் தினம். துணியில் செய்த கெண்டை மீன்களைக் கம்பத்தில் கட்டிக் காற்றில் பறக்கவிடுவார்கள். 1996-ல் அந்த நாளில், டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவில் இருக்கும் தொழிற்சாலை நகரமான கவாசாகியின் பழைய பேஸ்பால் மைதானத்தில், இரண்டு பெண்கள் மல்யுத்த ரிங்குக்குள் ஏறினார்கள். ரிங்கில் கயிறு இல்லை. கயிறு இருக்க வேண்டிய இடத்தில் முள்கம்பி கட்டியிருந்தது. அந்த முள்கம்பியில் வெடி கட்டியிருந்தது.

ஒருவர் மெகுமி குடோ. மல்யுத்தத்தை விட்டுவிட்டு இடையில் கொஞ்ச காலம் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர். இன்னொருவர் காம்பாட் டொயோடா. அன்றோடு அவருக்கு ஓய்வு. ஆண்கள் அதுவரை பலமுறை ஆடிவிட்ட வெடி முள்கம்பி ஆட்டத்தைப் பெண்கள் ஆடியது அதுதான் முதல் தடவை.

இந்த ஆட்டத்தைப் பழைய வீடியோவில் முதன்முதலில் பார்த்தபோது நான் ஒரு தப்பு செய்தேன். பக்கத்து அறையில் ஆள் தூங்குகிறார்கள் என்று ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பாதி நேரம் இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கம்பிக்கு ஓரடி தள்ளி நிற்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது போலிருந்தது. இன்னொரு நாள் ஒலியோடு பார்த்தேன். அந்த ஓரடி தூரத்தில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. கம்பியை நோக்கி ஒவ்வொரு அங்குலம் நகரும்போதும் கூட்டத்தின் குரல் ஏறுகிறது. கம்பியில் படாமல் தப்பினால் அதே குரல் பெருமூச்சாக இறங்குகிறது. வெடிப்பு வருவதற்கு முன்பே பார்ப்பவர்கள் களைத்துப்போகிறார்கள்.

முள்கம்பி ஆட்டம் என்றால் ரத்தம், சதை கிழிவது, வக்கிரம் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை, பின்னால் வருகிறேன். ஆனால் இந்த ஆட்டத்தை ரத்தத்தால் விளக்க முடியாது. வலிக்கு முந்தைய நேரத்தை வைத்துத்தான் விளக்க முடியும். அப்புறம், தள்ளப்படுபவரைவிடத் தள்ளுபவரைக் கவனித்தால்.

கம்பி வந்த வழி

அட்சுஷி ஒனிடா என்ற மல்லர் முழங்கால் காயத்தால் 1985-ல் ஓய்வு பெற்றவர். மறுபடி வந்து 1989-ல் எஃப்.எம்.டபிள்யூ. என்ற சிறு மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கினார். கையில் 50,000 யென்தான் இருந்தது என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. அப்போது ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் இரண்டு. அவற்றிடம் தொலைக்காட்சியும் பெரிய மல்லர்களும் இருந்தார்கள். ஒனிடாவிடம் இருந்தது பிடிவாதமும் கண்ணீரும். விளையாட்டாகச் சொல்லவில்லை, அவருடைய பட்டப்பெயரே 'கண்ணீரின் கரிஸ்மா'. வென்றாலும் அழுவார், தோற்றாலும் அழுவார், மைக்கைப் பிடித்தாலும் அழுவார்.

கயிறுக்குப் பதில் முள்கம்பி கட்டிய ஆட்டம் அந்த முதல் ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. அடுத்து, கம்பியில் வெடி. 1990 ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோவின் ஷியோடோமேயில் ஒனிடாவும் டார்ஜான் கோடோவும் அதை முதன்முதலில் ஆடினார்கள். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'நோ ரோப் யூஷி டெஸ்ஸென் டென்ர்யூ பகுஹா டெத்மேட்ச்'. கயிறில்லாத, முள்கம்பி கட்டிய, மின்சாரம் பாய்ந்து வெடிக்கும் மரண ஆட்டம் என்று பொருள். பெயரிலேயே செய்முறை விளக்கம் அடங்கிவிடுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடோ ஒனிடாவின் எதிரி அல்ல, கூட்டாளி. நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து பக்கத்திலேயே இருந்தவர். ஆகவே இந்த ஆட்டம் பிறந்ததே பகையில் இல்லை, நண்பர்களுக்குள். 1993 மே 5 அன்று இதே கவாசாகியில் ஒனிடா அமெரிக்க மல்லர் டெர்ரி ஃபங்குடன் ஆடினார். அதில் ஒரு டைம் பாம் உண்டு. நேரம் முடிந்தால் ரிங்கே வெடிக்கும். ஒனிடா ஜெயித்து வெளியே வந்துவிட்டார், ஃபங்க் உள்ளே மயங்கிக் கிடக்கிறார். கடிகாரம் ஓடுகிறது. ஒனிடா திரும்பி உள்ளே போய், தான் இவ்வளவு நேரம் அடித்த மனிதர்மேல் படுத்துத் தன் உடம்பால் மூடிக்கொண்டார். வெடித்தது. எஃப்.எம்.டபிள்யூ.வின் நாடக இலக்கணம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது: அபாயத்தை உண்டாக்குவதும் நீ, அதிலிருந்து காப்பாற்றப் பார்ப்பதும் நீ.

பெண்களின் அழுகைக்கு வேறொரு வரலாறு

ஜப்பானியப் பெண்கள் மல்யுத்தம் இதற்கெல்லாம் மூத்தது. ஆல் ஜப்பான் விமன்ஸ் நிறுவனம் 1968-ல் தொடங்கியது. மதுவும் புகையும் ஆண் துணையும் கூடாது என்ற மூன்று தடைகள், 25 வயதானால் வீட்டுக்குப் போகும் வழக்கம் என்று ஒரு கான்வென்டைப் போல நடந்த இடம். பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் சேர்வார்கள், அதே வயதுப் பெண்கள் பார்வையாளர்களாக வந்து கத்துவார்கள்.

1985 ஆகஸ்ட் 28, ஒசாகா கோட்டை அரங்கம். அந்தப் பெண்களின் தெய்வம் சிகுசா நாகயோவும் கொடுமையின் உருவமான டம்ப் மட்சுமோட்டோவும் முடியைப் பணயம் வைத்து மோதினார்கள். நாகயோ ரத்தம் வடியத் தோற்றார். ரிங்கின் நடுவில் உட்காரவைத்து அவர் தலையை மழித்தார்கள். அரங்கத்தில் இருந்த பள்ளிச் சிறுமிகள் அழுத அழுகை இருக்கிறதே, வீடு எரியும்போது கேட்கும் சத்தம் அது. அங்கே முள்கம்பி இல்லை, வெடி இல்லை. ஒரு கத்தரிக்கோலும் முடிவெட்டும் இயந்திரமும் போதுமாக இருந்தன.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பெண்கள் முள்கம்பிக்குள் போனதை 'ஆண்களின் வன்முறையைப் பெண்கள் நகலெடுத்தார்கள்' என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருத்தி அவமானப்படுவதை ஆயிரம் பேர் தங்களுக்கே நேர்ந்ததாக உணரும் அந்தக் கலை பெண்கள் மல்யுத்தத்தில் ஏற்கெனவே முழுமையாக இருந்தது. கம்பி அதற்குக் கிடைத்த புதிய மேடைப் பொருள்.

குடோ 1986-ல் அறிமுகமானது அந்தப் பழைய நிறுவனத்தில்தான். 1988-ல் வெளியே வந்தார். அந்த இடைவெளியில்தான் மழலையர் பள்ளி. டொயோடாவும் ஆல் ஜப்பான் விமன்ஸ் வழியாக வந்தவரே. 1990-ல் இருவரும் எஃப்.எம்.டபிள்யூ.வுக்கு வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் ஆண்களையும் பெண்களையும் தனித்தனிப் பந்தியில் உட்காரவைத்த காலத்தில், எஃப்.எம்.டபிள்யூ. ஒரே இரவில் ஒரே மேடையில் இருவரையும் ஆடவிட்டது. 1992 செப்டம்பர் 19 அன்று யோகோஹாமா மைதானத்தில் குடோவும் டொயோடாவும் ஒரே அணியாக நின்று ஆல் ஜப்பான் விமன்ஸின் புல் நகானோ, அகிரா ஹொகுடோ ஜோடியை எதிர்த்தார்கள். வெவ்வேறு நிறுவனத்துப் பெண்கள் மோதிக்கொண்ட பொற்காலம் அதிலிருந்துதான் சூடு பிடித்தது. தங்களைக் கழித்துவிட்ட வீட்டின் வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டொயோடா பருமனும் பலமுமாக இருப்பார், தூக்கி அடிப்பார். குடோ சின்ன உருவம், அழகி என்று பெயரெடுத்தவர், நுட்பக்காரர். ஆனால் குடோவின் உண்மையான பலம் வாங்கிக்கொள்வதில் இருந்தது. ஜப்பானிய மல்யுத்தத்தில் 'உகே' என்று சொல்வார்கள், எதிராளியின் அடியை ஏற்கும் கலை. அடிப்பவர் எவ்வளவு பெரியவர் என்பது ஏற்பவரின் உடம்பில்தான் தெரியும். ஆறு ஆண்டுகளாக டொயோடாவின் பலத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலும் குடோவின் முதுகுதான். கூட்டாளிகளாகவும் எதிரிகளாகவும் மாறி மாறி, பட்டத்தைக் கைமாற்றிக்கொண்டு. குடோவுக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'ஜாதோஹிமே'. ஒனிடாவை 'ஜாதோ', நெறிகெட்ட வழி என்பார்கள். அந்த வழியின் இளவரசி இவர்.

கயிறு இல்லாத ரிங்கில் என்ன ஆகிறது

மல்யுத்தம் பார்த்துப் பழகியவர்களுக்குக் கூடக் கயிறு எவ்வளவு வேலை செய்கிறது என்பது அது இல்லாதபோதுதான் தெரியும். எதிராளியைக் கயிற்றில் எறிந்தால் திரும்பி வருவார். ஆட்டத்துக்கு ஓட்டம் கிடைக்கிறது. பிடி இறுகினால் கயிற்றைத் தொடலாம், நடுவர் பிரித்துவிடுவார். களைத்தால் சாயலாம். கயிறு ஓட்டம், கயிறு அடைக்கலம், கயிறு ஓய்வு. மூன்றையும் கழற்றிவிட்டு அதே இடத்தில் முள்கம்பியைக் கட்டினால், இதுவரை காப்பாற்றிய ஓரம் இப்போது கொல்லும் ஓரம். நடு ரிங் மட்டுமே பாதுகாப்பு. அதனால் இரண்டு பேரும் நடுவை நோக்கியே ஒதுங்குகிறார்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள். பார்க்க ஏறக்குறைய அணைத்துக்கொண்டது போல இருக்கும்.

ஓட்டம் இல்லாததால் ஆட்டம் மெதுவாகிறது. இதுதான் முதல் உளவியல் மாற்றம். வேகமான ஆட்டத்தில் பார்வையாளர் நிகழ்வைத் துரத்துகிறார். மெதுவான ஆட்டத்தில் நிகழ்வுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு அதற்காகக் காத்திருக்கிறார். பயம் வளர்வது அந்தக் காத்திருப்பில்.

இரண்டாவது, விழும் வித்தை. மல்லர்கள் முதலில் கற்பது அடிப்பதை அல்ல, விழுவதை. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பாயில் படுமாறு, கையால் தட்டி, தாடையை உள்ளிழுத்து விழுவார்கள். அதைப் பல ஆயிரம் தடவை செய்து செய்து உடம்பு நம்பக் கற்றுக்கொள்கிறது. முள்கம்பியில் அந்த வித்தை எதற்கும் உதவாது. முள்ளில் 'சரியாக' விழ ஒரு வழியும் இல்லை. பத்து ஆண்டு அனுபவசாலியும் அந்த ஓரத்தில் முதல் நாள் வந்த பெண்ணைப் போலத்தான். ஆட்டத்தின் முடிவு முன்கூட்டியே தீர்மானமானது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பியின் முன்னால் அந்த முகத்தில் வரும் தயக்கத்தில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று ஆடுபவருக்கே பிரித்துச் சொல்ல வராது என்று நினைக்கிறேன். கதை தெரிந்தும் விடிய விடியக் கூத்துப் பார்க்க உட்காருகிறவர்கள் நாம். இது நமக்குப் புதிதல்ல. ஆனால் கூத்தில் கத்தி அட்டைக்கத்தி.

மூன்றாவது, முள் கொக்கியாக மாட்டுவது. கத்தி வெட்டிவிட்டு வெளியே வந்துவிடும். முள்கம்பி விடாது. துணியைப் பிடிக்கும், முடியைப் பிடிக்கும், தோலைப் பிடிக்கும். சிக்கியவர் தன்னை விடுவித்துக்கொள்ள அசைந்தால் இன்னும் ஆழமாகப் போகும். அடி ஒரு நொடி என்றால் விடுபடுவது அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் எதிராளி என்ன செய்வது? அடித்துக்கொண்டே இருப்பதா, நிற்பதா? தள்ளியவரின் குணம் அங்கேதான் வெளியே வரும். ஒரு வில்லி சிரித்துக்கொண்டு மேலும் அழுத்துவாள். நண்பர் திகைத்துப்போய் நிற்பார்.

வெடி நான்காவது. உடம்பு கம்பியில் பட்டதும் மின்சுற்று இணைந்து அங்கே கட்டியிருக்கும் வெடிமருந்து வெடிக்கும். காதைப் பிளக்கும் சத்தம், வெளிச்சம், புகை. சில நொடிகள் ஆளே தெரியாது. புகை விலகும்வரை கூட்டத்துக்குச் செய்தி இல்லை. திரைக்கதை எழுதுபவர்கள் ஏங்கும் இடம் இது: முக்கியமான கணத்தைக் காட்டாமல் மறைத்துவிட்டு, விளைவை மட்டும் மெல்லத் திறந்து காட்டுவது. அதோடு, ஒருமுறை வெடித்த மருந்து மறுபடி வெடிக்காது. ஆகவே ஒவ்வொரு வெடியும் ஒரு செலவு. சிக்கனமாகச் செலவழித்தால்தான் காத்திருப்பு நீளும்.

அன்று மாலை

அன்றைய கடைசி ஆட்டம் இவர்களுடையது அல்ல. டெர்ரி ஃபங்கும் மிஸ்டர் போகோவும் ஒருபுறம், ஹயபுசாவும் மசாடோ டனாகாவும் மறுபுறம் நின்ற ஆண்கள் ஆட்டம்தான் பெரிய எழுத்தில். அதிலும் முள்கம்பி, அதிலும் வெடி. ஒனிடா முந்தைய ஆண்டு இதே நாளில் இதே மைதானத்தில் ஹயபுசாவோடு ஆடி ஓய்வு பெற்றிருந்தார். அவர் இல்லாமலும் மைதானம் நிரம்புமா என்ற கவலை நிறுவனத்துக்கு. இன்று அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பேசுவது குடோ, டொயோடா ஆட்டத்தைப் பற்றித்தான்.

ஏன் என்று யோசித்தால், அதில் யார்மேலும் யாருக்கும் கோபமில்லை. பெண்கள் பட்டங்களும் பணயத்தில் இருந்தன, சரி. ஆனால் பட்டத்துக்காக வெடிக்கும் கம்பியில் ஏறுகிறார்கள் என்று யாரும் நம்பவில்லை. டொயோடா போகிறார். போவதற்கு முன் ஒரு பெண் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்துவிட்டுப் போக வேண்டும். அதைச் செய்ய இன்னொருவர் வேண்டும். கம்பியில் தானே போய் விழுந்தால் அது விபத்து, ஒருவர் தள்ளினால்தான் ஆட்டம். ஆக, டொயோடாவுக்குக் குடோ கொடுக்க வேண்டிய பிரிவுப் பரிசு, அவரை வெடியில் தள்ளுவது. அதைவிடக் கடினமான இன்னொன்று, டொயோடா தன்னைத் தள்ள அனுமதிப்பது.

ஆட்டத்தின் முதல் பெரும் பகுதி ஒருவரையொருவர் கம்பிப் பக்கம் இழுப்பதும், கடைசி நொடியில் காலை ஊன்றித் திமிறுவதும்தான். பலம் டொயோடாவுக்கு, ஆகவே குடோ ஓரத்துக்குப் போகும்போது கூட்டம் அலறுகிறது. பிறகு நிலைமை மாறி டொயோடாவின் முதுகு கம்பியை நெருங்கும்போதும் அதே அலறல். கவனியுங்கள், அதே அளவு அலறல். நல்லவர் கெட்டவர் என்று பிரிந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் அலறல், மறுபக்கம் ஆரவாரம் இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் பயம்தான். யார் ஜெயிக்க வேண்டும் என்ற கேள்வியே கரைந்து, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற கேள்வி வந்துவிடுகிறது. சண்டை பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்களைச் சண்டை வேண்டாம் என்று நினைக்கவைப்பது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் வெடிக்கத்தான் செய்தது, இருவர்மேலும். வெடித்த பிறகு ஆட்டத்தின் தாளம் மாறிவிடுகிறது. அதுவரை தவிர்ப்பதற்காக ஆடியவர்கள், இப்போது முடிப்பதற்காக ஆடுகிறார்கள். பயந்தது நடந்துவிட்டது, இனி இழக்க என்ன இருக்கிறது? இருவரும் தங்களின் மிகக் கடுமையான வீச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார்கள். கடைசியில் வென்றது குடோ. ஓய்வு பெறுகிறவர் தோற்று, இருப்பவரை உயர்த்திவிட்டுப் போவது ஜப்பானிய மல்யுத்தத்தில் பழைய மரியாதை. டொயோடா அதைச் செய்தார்.

இந்த இடத்தில் என்னுடைய கணிப்பு ஒன்று. அந்த ஆட்டத்தில் மிகவும் பாதிக்கப்பட்டவராகக் கூட்டம் பார்த்தது வென்றவரைத்தான். தோற்றவருக்குக் கடமை முடிந்தது. படுத்துக் கிடக்கலாம், வீட்டுக்குப் போகலாம். வென்றவர் தான் செய்ததோடு எழுந்து நிற்க வேண்டும். அது மட்டுமல்ல, இனி இந்தக் கம்பி அவருடையது.

ஓராண்டு கழித்து

அதற்குப் பின் குடோவுக்கு மிச்சம் இருந்தது ஏறக்குறைய ஓராண்டு. அதுவரை அழகுக்கும் நுட்பத்துக்கும் பெயர்போனவர், அந்த ஓராண்டில் முள்கம்பி ஆட்டங்களின் அரசியாகவே மாறிப்போனார். ஒரு தடவை கதவைத் திறந்தால் கூட்டம் மறுபடி மறுபடி அதையே கேட்கும். இது எல்லா டெத்மேட்ச் மல்லர்களும் விழும் பொறி. நேற்றைய ஆபத்து இன்று சாதாரணம்.

1997 ஏப்ரல் 29, யோகோஹாமா அரினா. குடோவின் ஓய்வு ஆட்டம். எதிரில் ஷார்க் ட்சுச்சியா. இவர் டொயோடாவுக்கு நேர் எதிர்த் துருவம். 'மோதொகுதை', அதாவது கொடுநஞ்சுப் படை என்ற வில்லிகள் கூட்டத்தின் தலைவி, கையில் அரிவாளோடு வருவார். குடோவை ஆண்டுக்கணக்கில் துரத்தித் துரத்தி அடித்தவர். ஆட்டத்தின் பெயர் முள்கம்பி, வெடி என்று அடுக்கிக்கொண்டே போய் ஒரு முழு வரிக்கு நீளும்.

பொருட்கள் கூடின, எனக்கு நடுக்கம் குறைந்தது. ட்சுச்சியா கம்பியில் போய் விழுந்தால் 'வேண்டும்' என்று தோன்றுகிறது. குடோ விழுந்தால் வருத்தம். கணக்கு நேராக இருக்கிறது. பழிவாங்கும் கதையில் முள்கம்பி ஒரு தண்டனை. தண்டனை கிடைக்க வேண்டியவருக்குக் கிடைத்தால் பார்வையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கவாசாகியில் அந்த நிம்மதி கிடையாது. இதைச் சொல்லும்போது யோகோஹாமா ஆட்டத்தைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்சுச்சியா மாதிரி ஒரு வில்லி பத்தாண்டுக்கு ஒருத்தர் வருவார், அரங்கமே அவரை வெறுத்துக்கொண்டு இருக்கும்படி செய்வது தனிக் கலை. ஆனால் அங்கே கம்பி ஓர் ஆயுதம். கவாசாகியில் அது ஒரு கேள்வி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குடோ தன் ஓய்வு ஆட்டத்தில் தோற்கவில்லை, வென்றார். உயர்த்திவிட்டுப் போக அவருக்கு ஒரு குடோ கிடைக்கவில்லை. வில்லியிடம் தோற்றுப் போனால் அது விடைபெறல் ஆகாது. கதைக்கு வெற்றி தேவைப்பட்டது. பிரிவுக்கு வாரிசு தேவைப்பட்டது. கதை ஜெயித்தது. எஃப்.எம்.டபிள்யூ.வின் பெண்கள் பிரிவு அவர் போன பின் அதிக காலம் தாங்கவில்லை. நிறுவனமும் 2002-ல் முடிந்துபோனது.

யார் பார்க்கிறார்கள்

முதலில் ஒத்திப்போட்டதற்கு வருகிறேன். 1985-ல் ஒசாகாவில் அழுதவர்கள் சிறுமிகள். 1996-ல் கவாசாகியில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பெரும்பகுதி வளர்ந்த ஆண்கள். பார்வையாளர் மாறினால் காட்சியின் பொருளும் மாறும். அழகி என்று விற்கப்பட்ட ஒரு பெண்ணின் உடம்பை முள்கம்பியில் போட்டுக் காசாக்கியதில் நிறுவனத்துக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டங்களின் வீடியோ கேசட்டுகள் கடைகளில் விற்றன, ரசிகர்கள் கைமாற்றி கைமாற்றி வெளிநாடு வரை போயின. 'பெண்கள், முள்கம்பி, வெடி' என்ற மூன்று சொல் போதும், வாங்குவதற்கு ஆள் உண்டு. அந்த ஆட்கள் எல்லோரும் நாடகத்துக்காக வாங்கினார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஆனால் கவாசாகி ஆட்டம் அந்தப் பார்வைக்கு எளிதில் இரையாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். இன்னொருவர் வலியை ரசிக்க வேண்டுமானால் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அந்த ஆட்டத்தின் மந்தகதி, தள்ள வந்தவரே தயங்கும் தயக்கம், கூட்டத்தை அப்படித் தள்ளி நிற்கவிடவில்லை. இது முள்கம்பி ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பெரும்பாலானவற்றுக்கே பொருந்தாது.

வெடியே வெடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. நிறுவனம் இதே பாணியில் ஜான் மாக்ஸ்லி, கென்னி ஒமேகா ஆட்டத்தை நடத்தியது. முடிவில் ரிங் வெடிக்கும் என்று கடிகாரம் ஓட, மயங்கிக் கிடந்த மாக்ஸ்லிமேல் எடி கிங்ஸ்டன் என்ற இன்னொரு மல்லர் ஓடிவந்து படுத்து மூடிக்கொண்டார். 1993 கவாசாகிக்கு வணக்கம் வைத்த காட்சி. எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. நான்கு மூலையிலும் மத்தாப்பு மாதிரிக் கொஞ்சம் பொறி பறந்தது, அவ்வளவுதான். கூட்டம் கேலி செய்தது. ஆனால் பாருங்கள், கிங்ஸ்டன் ஓடிவந்த ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. தியாகம் சரியாக நடந்தது, ஆபத்து வரவில்லை. ஆபத்து இல்லாத தியாகம் ஒரே நொடியில் நகைச்சுவை ஆகிவிட்டது. நாடகம் முழுக்க மனசுக்குள் நடக்கிறது என்று நான் மேலே அளந்ததற்கு இதுதான் சரியான பதிலடி. மருந்து நனைந்துபோனால் மனசு ஒன்றும் செய்யாது.

ஜப்பானில் பெண்கள் டெத்மேட்ச் இன்று மறுபடி உயிரோடு இருக்கிறது. ஐஸ் ரிப்பன் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ரிசா செரா, சுசு சுசுகி உள்ளிட்டோர் சேர்ந்து ப்ராமினன்ஸ் என்ற குழுவாக 2022-ல் கிளம்பினார்கள். அதே ஆண்டில் ரினா யமஷிடா அமெரிக்காவில் ஜி.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனம் நடத்தும் டோர்னமென்ட் ஆஃப் சர்வைவல் போட்டியை வென்ற முதல் பெண் ஆனார். ஆண்களோடு மோதி எடுத்த வெற்றி. இவர்களுக்கு யாரும் இளவரசி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. விரும்பித் தேர்ந்தெடுத்த வேலை, சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். முகத்தில் ரத்தத்தோடு செல்ஃபி எடுக்கிறார்கள்.

அவர்கள் ஆட்டங்களை நான் ஆசையாகப் பார்க்கிறேன். ஒரு சின்னக் குறைதான். முள்கம்பி சுற்றிய பலகையை நட்டுவைத்ததும் இரண்டாவது நிமிடமே யாராவது அதில் போய் விழுந்துவிடுகிறார்கள். கவாசாகியில் அந்த ஓரடியைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இவர்கள் மூன்று பலகைகளை உடைத்துவிடுகிறார்கள். பயப்படாதவர்களின் ஆட்டத்தில் நான் எப்போது பயப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.